பேரேடு யார் கையில்? – வாசகர் கேள்வி பதில்

மகளிர் சுய உதவிக் குழுக்களைப் பற்றியும் கிராமத்துப் பெண்களின் பிழைப்பைப் பற்றியும் வந்த கடிதங்களில் பல, ஒரே கேள்வியை வெவ்வேறு சொற்களில் கேட்டிருந்தன. அவற்றை இணைத்துச் சுருக்கித் தந்திருக்கிறேன். குழுவின் உள் விவகாரங்களை எழுதியிருப்பதால் கேட்டவர்களின் பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு, மாவட்டத்தை மட்டும் குறிப்பிடுகிறேன்.

கேள்வி: எங்கள் மாவட்டத்தில்தான் மகளிர் குழுக்கள் முதன்முதலில் தொடங்கப்பட்டன என்று என் அம்மா பெருமையாகச் சொல்வார். அது உண்மைதானா? இப்போது குழு என்றாலே கடன் என்று ஆகிவிட்டதே. அந்தக் காலத்திலும் அப்படித்தான் இருந்ததா?
– ஒரு வாசகி, தருமபுரி மாவட்டம்

உங்கள் அம்மா சொல்வது சரி. தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983-இல் ஏற்படுத்தப்பட்டது. அந்த நிறுவனத்தின் வழியாக, பன்னாட்டு வேளாண்மை மேம்பாட்டு நிதியத்தின் உதவியுடன் 1989-இல் மகளிர் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது தருமபுரியில்தான். கிருஷ்ணகிரி அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை என்பதால், இன்றைய ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்து ஊர்களும் அந்தத் தருமபுரிக்குள் அடக்கம். அங்கே கண்ட பலனை வைத்து வேறு சில மாவட்டங்களுக்குத் திட்டம் விரிந்தது. பிறகு 1997-98-இல் மாநில அரசின் சொந்த நிதியில் ‘மகளிர் திட்டம்’ என்ற பெயரில் எங்கும் வந்தது.

தொடக்கத்தில் கடன் என்பது கடைசியாக வந்த பேச்சு. 12 முதல் 20 பெண்கள் சேர வேண்டும், குறித்த நாளில் தவறாமல் கூட வேண்டும், கூடும்போதெல்லாம் ஒரு சிறு தொகையைச் சேமிக்க வேண்டும், சேர்ந்த பணத்தைத் தங்களுக்குள்ளேயே கடனாகக் கொடுத்து வாங்க வேண்டும், வாங்கியதைத் தவணை தவறாமல் கட்ட வேண்டும், இவை அனைத்தையும் எழுதி வைக்க வேண்டும். இந்த வரிசையில்தான் விஷயமே இருக்கிறது. பதிவு செய்யப்படாத ஒரு குழுவின் பெயரில் வங்கியில் சேமிப்புக் கணக்குத் தொடங்க 1993-இல்தான் ரிசர்வ் வங்கி வழிவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு, நாடு முழுவதும் 500 குழுக்களை வங்கிகளோடு இணைத்துப் பார்க்கும் சோதனைத் திட்டத்தை, வேளாண்மைக்கும் ஊரக வளர்ச்சிக்குமான நபார்டு வங்கி அறிவித்திருந்தது. சொத்தோ ஜாமீனோ காட்ட இயலாத பெண்கள், தங்கள் சொந்தப் பணத்தைத் தங்களுக்குள் சுற்றவிட்டு ஒழுங்காகத் திருப்பிய பழக்கத்தையே வங்கிக்குச் சான்றாகக் காட்டினார்கள்.

பின்னாளில், இத்தனை குழுக்களுக்கு இத்தனை கோடி கடன் என்ற இலக்கு மேலிருந்து வரத் தொடங்கியதும் வரிசை தலைகீழாகிவிட்டது. கடன் வாங்குவதற்கென்றே குழு அமைக்கிறார்கள், கடன் வந்ததும் கூட்டம் நின்றுவிடுகிறது. உங்கள் அம்மா காலத்துத் தீர்மானப் புத்தகம் வீட்டில் எங்காவது கிடந்தால் எடுத்துப் பாருங்கள். யாருக்குப் பிள்ளைப்பேற்றுக்கு 200 ரூபாய், யாருக்கு விதைக் கடலைக்கு 300 ரூபாய் என்று பக்கம் பக்கமாக இருக்கும்.

கேள்வி: எங்கள் குழு தொடங்கி 9 ஆண்டுகள் ஆகின்றன. 15 பேரும் மாதம் 100 ரூபாய் கட்டுகிறோம். முதல் நாளிலிருந்து ஒரே அக்காதான் குழுவை நடத்தும் ஊக்குநர். நோட்டுகள் அனைத்தும் அவர் வீட்டு பீரோவில் இருக்கின்றன. கணக்குக் கேட்டால் ‘என் மேல் நம்பிக்கை இல்லையா’ என்று கண் கலங்குகிறார். தெருவில் யாருக்கு என்ன என்றாலும் ஓடி வந்து உதவுகிறவர் அவர். அவருடைய மனம் நோகாமல் எப்படிக் கேட்பது?
– ஒரு வாசகி, விருதுநகர் மாவட்டம்

முதலில் அவரைக் கேட்காமலே நீங்கள் போடக்கூடிய கணக்கு ஒன்று இருக்கிறது. 15 பேர், தலைக்கு 100 ரூபாய் என்றால் மாதம் 1,500, ஆண்டுக்கு 18,000, 9 ஆண்டுக்கு 1,62,000. இது வெறும் சேமிப்பு. உள்கடனுக்கு நீங்கள் கட்டிய வட்டியும், அரசு தரும் சுழல் நிதி ஏதேனும் வந்திருந்தால் அதுவும் இதனுடன் சேரும், செலவுகள் கழியும். வங்கிக் கடன் பாக்கி எதுவும் இல்லாத குழு என்றால், மிஞ்சும் பணம் மூன்றே இடங்களில்தான் இருக்க முடியும்: வங்கிக் கணக்கில், உறுப்பினர்கள் திருப்பிக் கட்ட வேண்டிய கடன் பாக்கியில், கையிருப்பில். மூன்றையும் கூட்டினால் மேற்சொன்ன தொகை வர வேண்டும். இதைப் போட்டுப் பார்க்க எட்டாம் வகுப்புப் படிப்பே அதிகம்.

பல ஆண்டுகளுக்கு முன்பு குழுக்களின் கணக்கு பார்ப்பதற்காக ஊர் ஊராகச் சென்றுகொண்டிருந்தேன். ஓர் ஊரில் வேப்பமரத்து நிழலில் குழுவின் கணக்குப் புத்தகமான பேரேட்டை விரித்து ஒவ்வொருவருடைய சேமிப்பையும் உரக்கப் படித்தபோது, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி, ‘எனக்கு ஒரு மாசம் குறையுது சாமி’ என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்துத் தரையில் கொட்டினார். புளியங்கொட்டைகள். பணம் கட்டும் ஒவ்வொரு முறையும் ஒரு கொட்டையைப் பைக்குள் போட்டு வந்திருக்கிறார். எண்ணிப் பார்த்தோம், 43 இருந்தன. பேரேட்டில் 42 மாதங்கள்தான். தேடியபோது, ஊக்குநர் காய்ச்சலில் படுத்திருந்த ஒரு மாதத்தில் அவருடைய மகள் வாங்கி வைத்த பணம் வேறொருவர் பெயரில் ஏறியிருந்தது தெரிந்தது. அந்த ஊக்குநர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். சற்று நேரம் கழித்து, ‘இனிமே ரெண்டு பேரா எழுதலாம்க்கா’ என்று பக்கத்தில் இருந்தவரிடம் அவரே சொன்னார்.

கணக்கைக் காட்ட மறுக்கிறவர்கள் எல்லாரும் பணத்தை எடுத்தவர்கள் அல்லர். எங்கோ ஒரு மாதம் விட்டுப்போய், அதைச் சரிசெய்யத் தெரியாமல், மாதம் ஏற ஏறப் பயம் ஏறி நிற்கிறவர்களும் உண்டு. ஆகவே அவரிடம் தனியாகப் போய்க் கணக்குக் கேட்க வேண்டாம். அடுத்த கூட்டத்தில், இனி ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் அன்றைய வரவு, கொடுத்த கடன், வங்கி இருப்பு மூன்றையும் உரக்கப் படித்துக் காட்டுவது என்று ஒரு தீர்மானம் எழுதுங்கள். உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் தனிநபர் பாஸ்புக் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 20 ரூபாயில் ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய கணக்கைச் சீர்செய்ய, உங்கள் ஊராட்சி அளவிலான குழுக் கூட்டமைப்பின் கணக்காளரை அழைக்கலாம். அவர் வரத் தயங்கினால் ஒன்றியத்தில் உள்ள மகளிர் திட்ட அலுவலகமான வட்டார இயக்க மேலாண்மை அலகில் எழுத்து மூலம் கேட்கலாம். ஊக்குநர், பிரதிநிதிப் பொறுப்புகள் சுழற்சி முறையில் மாற வேண்டியவை. 9 ஆண்டுகள் மாறாதது உங்கள் அனைவருடைய பிசகு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வங்கிக்கும் ஒன்றிய அலுவலகத்துக்கும் இந்த 9 ஆண்டுகளில் அவர் எத்தனை நாள் தன் கூலியை விட்டுவிட்டு அலைந்திருப்பார் என்று யாராவது எண்ணினீர்களா? பேருந்துச் செலவும் ஒரு சிறு ஊக்கத் தொகையும் குழுப் பணத்திலிருந்து தருவதென்று அதே கூட்டத்தில் தீர்மானியுங்கள். நோட்டுகளைப் பீரோவிலிருந்து வெளியே கொண்டுவருவது அதன் பிறகு எளிதாக இருக்கும்.

கேள்வி: எங்கள் குழுவுக்கு வங்கியில் 6 லட்சம் ரூபாய் கடன் தந்தார்கள். ஆனால் எங்கள் சேமிப்புக் கணக்கில் உள்ள 90,000 ரூபாயைக் கடன் முடியும்வரை எடுக்கக் கூடாது என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இது முறையா?
– ஒரு குழுவின் பிரதிநிதி, கடலூர் மாவட்டம்

முறையல்ல. தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின்கீழ் வரும் மகளிர் குழுக்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குப் பிணையம் கேட்கக் கூடாது, குழுவின் சேமிப்புக் கணக்கைப் பிடித்து வைக்கக் கூடாது, கடன் தருவதற்காக வைப்புத்தொகை போடும்படி வற்புறுத்தக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் தெளிவான அறிவுறுத்தல். 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையிலும்கூடப் பிணையமும் சேமிப்புக் கணக்கைப் பிடித்து வைப்பதும் கூடாது. குழுத் தீர்மானத்தின் நகலுடன் மேலாளரிடம் எழுத்து மூலம் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். ‘வாய்மொழியாகச் சொன்னோமே’ என்பது எந்த அலுவலகத்திலும் செல்லாது. பதில் இல்லையென்றால், மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளரிடம் செல்லலாம். 30 நாள் கடந்தும் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். அதற்கான தொலைபேசி உதவி எண் 14448.

கேள்வி: மூன்று நிறுவனங்களில் குழு லோன் வாங்கியிருக்கிறேன். தவணை ஒரு நாள் தவறினால் காலை 7 மணிக்கே வந்து திண்ணையில் உட்கார்ந்துகொள்கிறார்கள். உடன் கடன் வாங்கிய பெண்களை விட்டே என்னைத் திட்ட வைக்கிறார்கள். மகளிர் திட்டத்தில்தானே இவர்களும் வருகிறார்கள்? யாரிடம் சொல்வது?
– ஒரு வாசகி, திருவாரூர் மாவட்டம்

இரண்டும் வேறு வேறு என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் ‘குழு’ என்றே பெயர் வந்துவிட்டதால் ஏற்பட்ட குழப்பம் இது. சுய உதவிக் குழுவில் உங்கள் சேமிப்பு இருக்கிறது, வட்டி உங்களுக்குள்ளேயே சுற்றுகிறது, யாருக்கு எவ்வளவு என்று நீங்கள் தீர்மானிக்கிறீர்கள். நுண்கடன் நிறுவனம் அமைக்கும் கூட்டுப் பொறுப்புக் குழுவில் உங்களுக்குச் சொந்தமானது ஒன்றுமில்லை. ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் பொறுப்பு என்ற கயிறு மட்டும் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரை வைத்தே உங்களைத் திட்ட வைப்பது அந்தக் கயிற்றை இழுக்கும் முறை.

2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிகளின்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்குப் பிணையமின்றித் தரப்படும் கடன் நுண்கடன் ஆகும். ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. உங்கள் வீட்டு வருமானம் மாதம் 14,000 என்றால் எல்லாத் தவணையும் சேர்ந்து 7,000-க்குள் இருந்திருக்க வேண்டும். அதற்கு மேல் கடன் கொடுத்ததில் கொடுத்தவர்களுக்கும் பிழை உண்டு. வசூல் என்பது இருதரப்பும் ஒப்புக்கொண்ட இடத்தில் நடக்க வேண்டும். அடுத்தடுத்து இரண்டு முறையோ அதற்கு மேலோ நீங்கள் அங்கே வராமல் இருந்தால்தான் வீட்டுக்கு வரலாம். காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் அழைத்துத் தொல்லை கொடுப்பது, தகாத சொற்களைப் பேசுவது, உறவினரையும் உடனிருப்பவரையும் நெருக்குவது ஆகியவை தடுக்கப்பட்டவை. மிரட்டி வசூலிப்பதைக் குற்றமாக்கும் சட்டமொன்றைத் தமிழ்நாடு சட்டமன்றமும் 2025-இல் நிறைவேற்றியிருக்கிறது. முதலில் நிறுவனத்துக்கு எழுத்து மூலம் புகார், பிறகு மேலே சொன்ன குறைதீர்ப்பாளர். மிரட்டல் என்றால் நேராகக் காவல் நிலையம்.

வட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. 24,000 ரூபாய் கடன், 24 மாதம், வட்டி நூற்றுக்கு ஒரு ரூபாய் என்று சொல்லி மாதம் 1,240 ரூபாய் வாங்கினால், ஆண்டுக்கு 12 சதவீதம்தானே என்று தோன்றும். அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வர, வட்டியை மட்டும் முழு 24,000-க்கும் கடைசிவரை வாங்குவதால், உண்மையான வட்டி ஆண்டுக்கு ஏறக்குறைய 21½ சதவீதம் ஆகிறது. உண்மை வட்டி விகிதம் குறிக்கப்பட்ட விவரத்தாளை உங்களுக்குப் புரியும் மொழியில் தர வேண்டியது நிறுவனத்தின் கடமை, கேட்டு வாங்குங்கள். ஒழுங்காக நடக்கும் சுய உதவிக் குழுவுக்கு 3 லட்சம் ரூபாய் வரையிலான வங்கிக் கடன் 7 சதவீத வட்டியில் கிடைக்கிறது. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்குவதை இந்த மாதமே நிறுத்திவிட்டு, உங்கள் ஊராட்சிக் கூட்டமைப்பில் இதைப் பேசுங்கள். வெட்கப்பட வேண்டாம். உங்கள் தெருவிலேயே இதே நிலையில் இன்னும் நான்கு பேராவது இருப்பார்கள்.

கேள்வி: பயிற்சி முடித்து 10 பேர் சேர்ந்து மாதம் 50 கிலோ சாம்பார் பொடி தயாரிக்கிறோம். கிலோ 340 ரூபாய் என்று விலை அச்சிட்டுக் கடைகளில் கொடுக்கிறோம். கடைக்காரர் 20 சதவீதம் கழித்துக்கொள்கிறார். பொருளுக்கு 245, அரைவைக்கு 20, பாக்கெட்டுக்கும் ஒட்டுச்சீட்டுக்கும் 25 என்று கிலோவுக்கு 290 செலவு. 50 ரூபாய் லாபம் என்று நினைத்தோம். ஓர் ஆண்டாகியும் கையில் ஒன்றும் நிற்கவில்லை. எங்கே தவறு?
– ஒரு குழுவினர், சிவகங்கை மாவட்டம்

கணக்கை விவரமாக எழுதியதற்கு நன்றி. தவறு அதிலேயே இருக்கிறது. 340-இல் கடைக்காரரின் 20 சதவீதம் 68 ரூபாய் போக, உங்கள் கைக்கு வருவது 272. செலவு 290. ஆக, கிலோவுக்கு 18 ரூபாய் நட்டம், மாதம் 900 ரூபாய். விற்பனை கூடக்கூட நட்டமும் கூடும். அச்சிட்ட விலையிலிருந்து லாபத்தை எண்ணியதால் இது கண்ணில் படவில்லை.

அடுத்து, 245 ரூபாய் என்பது வறுப்பதற்கு முன்னுள்ள எடைக்கா, அரைத்த பின்னுள்ள எடைக்கா? மல்லியும் மிளகாயும் வெயிலிலும் வாணலியிலும் எடை இழக்கும். அரைவை மில்லிலும் சிறிது ஒட்டிக்கொள்ளும். 10 கிலோ போட்டு 9 கிலோ 200 கிராம் வந்தால், உங்கள் 245 ரூபாய் 266 ஆகிவிடுகிறது. அடுத்த முறை போடும்போதும் எடுக்கும்போதும் நிறுத்துப் பாருங்கள்.

மூன்றாவதை நீங்கள் எழுதவே இல்லை: உங்கள் கூலி. மாதம் 4 நாள், நாளுக்கு 3 பேர் வேலை செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 300 ரூபாய் என்றால் 3,600, கிலோவுக்கு 72. ‘வீட்டு வேலையோடு வேலையாகச் செய்கிறோம்’ என்று பெண்கள் தங்கள் உழைப்பைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கூலியைச் சேர்க்காமல் விலை வைப்பதால்தான் நம் குழுக்களின் பொருள்கள் மலிவாகவும், அவற்றைச் செய்தவர்கள் பழைய நிலையிலும் இருக்கிறார்கள். பயிற்சி கொடுத்தவர்கள் பொடி செய்யக் கற்றுக் கொடுத்திருக்கிறார்கள். அது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். விலை போடுவதைத்தான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

இனி என்ன செய்யலாம்? பெரிய நிறுவனங்களின் சாம்பார் பொடி இருக்கும் அதே அலமாரியில், அதே விலைக்கு, அதே பொருளை வைத்து நீங்கள் வெல்ல முடியாது. வாரச் சந்தையிலும், உங்கள் ஊரிலிருந்து வெளியூர் போனவர்களின் வீடுகளிலும் நேரடியாக விற்கும் 15 கிலோ, கடைக்குக் கொடுக்கும் 50 கிலோவைவிட அதிகம் தரும். சிற்றுண்டிக் கடைகளுக்கு அச்சடித்த பாக்கெட் தேவையில்லை. 5 கிலோ வாளியில் கொடுத்தால் 25 ரூபாய்ச் செலவு பெரும்பாலும் மிச்சம். பக்கத்து ராமநாதபுரத்தின் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதைக் காம்பு ஆய்ந்து, தரம் பிரித்து, முழு மிளகாயாகவே விற்பதில் அரைவையும் இல்லை, அலைச்சலும் குறைவு.

உணவுப் பொருள் விற்கிற எவரும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் உள்ளவர்களுக்கு உரிமம் தேவையில்லை, எளிய பதிவு போதும். 14 இலக்கப் பதிவு எண்ணைப் பாக்கெட்டில் அச்சிடாமல் விற்காதீர்கள். 2020-இல் தொடங்கிய பிரதமரின் குறு உணவுப் பதப்படுத்தும் நிறுவனங்கள் திட்டத்தில், இத்தொழிலில் உள்ள குழு உறுப்பினர் ஒருவருக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க நிதியும், இயந்திரங்களுக்கு 35 சதவீத மானியமும் வைத்திருக்கிறார்கள். ஆனால் கிலோவுக்கு 18 ரூபாய் நட்டத்தில் ஓடும் தொழிலுக்கு இயந்திரம் வாங்கினால், நட்டம் விரைவாக ஓடும். முதலில் விலையைச் சரிசெய்யுங்கள். குழுப் பொருள்களை விற்பதற்கென்றே மாவட்டத் தலைநகரில் உள்ள பூமாலை வளாகத்தில் இடம் கேளுங்கள், கண்காட்சிகளுக்கும் போங்கள். தீபாவளிக் கண்காட்சியில் ஒரு வாரம் விற்றதை வைத்து ஆண்டுக் கணக்கு மட்டும் போட வேண்டாம்.

கேள்வி: கடனும் மானியமும் இல்லாமல், பெண்கள் தாங்களாகவே கூடி ஒரு பிழைப்பைக் காப்பாற்றிக்கொண்டதற்கு நம் மாநிலத்தில் உதாரணம் உண்டா? கல்லூரி ஆய்வுக்காகக் கேட்கிறேன்.
– ஒரு மாணவி, மதுரை

ராமேசுவரம் போகும் வழியில் பாம்பன் பாலத்தில் எல்லாரும் கடலைப் பார்க்கிறோம். கடலுக்குள் இருக்கும் பெண்களைப் பார்ப்பதில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள ஆழமற்ற கடலில் பாசி எடுப்பது அங்குள்ள மீனவப் பெண்களின் தொழில். மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்று பாசிகளுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர்களே அழகு. பாறையும் பவளமும் கிழிக்காமலிருக்க விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சை அடக்கி மூழ்கி, கையால் பறித்து இடுப்பில் கட்டிய வலைப்பையில் சேர்ப்பார்கள். உணவைக் கெட்டியாக்கப் பயன்படும் அகர், ஆல்ஜினேட் போன்ற பொருள்களுக்கு இதுவே மூலப்பொருள்.

1986-இல் இந்தத் தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதும், தலைமுறையாக அவர்கள் போய்வந்த இடம் தடைசெய்யப்பட்ட பகுதியாகிவிட்டது. வனத்துறையோடு ஓயாத தகராறு. அந்தச் சூழலில் பெண்கள் சங்கமாகக் கூடித் தங்களுக்குத் தாங்களே விதி வகுத்தார்கள்: மாதத்தில் 12 நாள் மட்டும் கடலில் இறங்குவது, பாறையைச் சுரண்டும் இரும்புக் கருவியை விட்டுவிட்டுக் கையால் மட்டும் எடுப்பது, இனப்பெருக்கக் காலத்தில் அறவே நிறுத்துவது. பாசியின் அடிவேரை விட்டுப் பறித்தால் மீண்டும் தழைக்கும் என்பது புல் அறுக்கிறவருக்குத் தெரிந்த அதே அறிவுதான். இந்த முயற்சிக்காகப் பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமிக்கு 2015-இல் சீகாலஜி பரிசு கிடைத்தது. ஆனால் பாசியின் விலையை நிர்ணயிப்பவர் இன்றும் வியாபாரிதான். கடலுக்குள் விதி வகுத்தவர்களால் கரையில் விலை வகுக்க முடியவில்லை என்பதையும் உங்கள் ஆய்வில் எழுதுங்கள்.

அரசு இப்போது மூங்கில் மிதவைகளில் பாசி வளர்ப்பதை ஊக்குவிக்கிறது. 12 அடி சதுர மிதவையில் விதைப்பாசியைக் கட்டிவிட்டால் ஏறக்குறைய 45 நாளில் அறுவடை. மூழ்க வேண்டியதில்லை என்பது வயதான பெண்களுக்கு ஆறுதல். அதே வேளையில், அதற்குப் பயன்படும் வெளிநாட்டுப் பாசி இனம் குருசடைத் தீவுப் பக்கம் பவளப்பாறைகள் மீது படர்ந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வளர்ப்பதானால் எந்த இடத்தில் என்பதில் கவனம் வேண்டும்.

நீங்கள் புதுக்கோட்டைக்கும் ஒரு நடை போய்வருவது நல்லது. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது அங்கே பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றது பலருக்கு நினைவிருக்கும். ஒப்பந்தக்காரரிடம் கூலிக்குக் கல் உடைத்துக்கொண்டிருந்த பெண்களின் குழுக்களுக்கே அதே காலத்தில் கல்குவாரிகள் குத்தகைக்கு விடப்பட்டதை அவ்வளவு பேர் நினைவில் வைத்திருக்கவில்லை. அதே கல், அதே சம்மட்டி, அதே பெண்கள். குத்தகைச் சீட்டில் இருந்த பெயர் மட்டும் மாறியது.

கேள்வி: என் மனைவி வாரம் ஒரு மாலை குழுக் கூட்டத்துக்குப் போய்விடுகிறாள். திரும்பிவர ஏழரை மணி ஆகிறது. வீட்டில் அடுப்பு எரிவதில்லை. பெண்கள் முன்னேற்றம் என்பது குடும்பத்தைக் கெடுத்துத்தான் வர வேண்டுமா? (குழுக் கடனில் வாங்கிய வண்டிக்கு இன்னும் 8 தவணை பாக்கி இருப்பதால் கூட்டத்துக்குப் போகாதே என்றும் சொல்ல முடியவில்லை.)
– ஒரு வாசகர், நாமக்கல் மாவட்டம்

அடைப்புக்குறிக்குள் எழுதியதுதான் கடிதத்தின் முக்கியப் பகுதி. வண்டி யார் பெயரில் இருக்கிறது, யார் ஓட்டுகிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை; ஊகிக்க முடிகிறது. உலை வைத்து அரிசி களைந்து போட்டுச் சோறு வடிக்க 40 நிமிடம் போதும். அவர் ஆறரைக்குக் கூட்டத்தில் இருக்கும்போது தாங்கள் அடுப்பைப் பற்ற வைத்தால், ஏழரைக்கு இருவரும் சேர்ந்தே சாப்பிடலாம். ரசத்துக்கு அவரிடமே பக்குவம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: குழுவில் ஐந்து பேர் ஆளுக்கு 20 நாட்டுக்கோழி வளர்க்கிறோம். சென்ற கோடையில் வெள்ளைக்கழிச்சல் வந்து பாதிக்கு மேல் செத்துவிட்டன. 20 கோழிக்கு யாரும் தடுப்பூசி போட வருவதில்லை. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

நோய் வந்த பின் மருந்தில்லை; வருமுன் தடுப்பதுதான் வழி. குஞ்சு பொரித்த 7-ஆம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நான்காம் வாரத்தில் மறுபடியும் ஒரு முறை, எட்டாம் வாரத்தில் இறக்கையில் ஊசி. சிக்கல் மருந்துக் குப்பியில் இருக்கிறது. 100 கோழிக்கு என்ற அளவில் வரும் குப்பியை ஒருமுறை கலக்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மீதியை வைத்துக்கொள்ள முடியாது. அதனால்தான் 20 கோழிக்காரர் வீட்டுக்கு யாரும் வருவதில்லை. ஆனால் உங்கள் ஐந்து வீட்டையும் சேர்த்தால் சரியாக 100 கோழி. ஐந்து வீட்டிலும் ஒரே வாரத்தில் அடை வையுங்கள். குஞ்சுகளின் வயது ஒன்றாக இருந்தால் தடுப்பூசி நாளும் ஒன்றாகிவிடும். கால்நடை மருந்தகத்தில் தேதியை முன்கூட்டியே சொல்லிவைத்து, முதல் நாள் மாலை ஐஸ் கட்டி போட்ட ஃப்ளாஸ்க்கில் மருந்தை வாங்கி வந்து அந்தக் குளிர்ச்சியிலேயே வைத்திருங்கள். மறுநாள் விடியற்காலையில், கூடுகளைத் திறந்துவிடுவதற்கு முன்பே ஐந்து வீட்டிலும் போட்டு முடித்துவிட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் மருந்து கெடும், கோழியும் கையில் சிக்காது.